போனில் 2,000 பக்கம்: எதை அச்சிடுவது, எதை விடுவது?

வாசகியின் கடிதம் (சுருக்கம்)

வியாசர்பாடியிலிருந்து 22 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அரசு உதவி பெறும் கல்லூரியில் தமிழ் வழியில் எம்.ஏ. வரலாறு, முதலாண்டு, இரண்டாம் பருவம். வீட்டில் முதல் பட்டதாரி. பாடக் குறிப்புகள் எல்லாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்பாக வந்து விழுகின்றன. ஐந்து பாடத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 2,000 பக்கம். கையில் இருப்பது ஒரு போன் மட்டும். "படிக்கும்போது எல்லாம் புரிகிறது, மறுநாள் ஒன்றும் நிற்பதில்லை. ஜெராக்ஸ் எடுத்துப் படித்தால்தான் மண்டையில் ஏறுகிறது. வகுப்பில் எல்லோரும் போனிலேயே படிக்கிறார்கள். எனக்குத்தான் மூளை மந்தமா?" என்று கேட்கிறார். பேராசிரியர் ஒருவர் "எல்லாம் டிஜிட்டலாகிவிட்டது, நீயும் பழகிக்கொள்" என்கிறார். அண்ணன் 18,000 ரூபாய் டேப்லெட்டைத் தவணையில் வாங்கித் தரத் தயார். கண்ணெரிச்சலுக்கு நீல ஒளி தடுக்கும் கண்ணாடியும் வாங்கலாம் என்கிறார். அப்பாவோ "படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டுகிறாள்" என்கிறார். 640 பக்கப் புத்தகம் ஒன்றை வாசகி முழுதாக ஜெராக்ஸ் எடுத்துவிட்டார். இரண்டாவது புத்தகத்துக்கு வேறொரு கடைக்குப் போனபோது "இதெல்லாம் போலீஸ் கேஸ் ஆகும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். படிப்புச் செலவுக்கு மாதம் 600 ரூபாய். தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது.

ஆலோசகர் பதில்

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அந்த 'மந்தம்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். 21 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பாடத்தைக் கற்றுக்கொள்வதற்காகப் படிக்கும்போது அச்சே வசதி என்றவர்கள்தான் பெரும்பான்மை. உங்கள் வகுப்பில் எல்லோரும் போனில் படிக்கிறார்கள் என்றால், எல்லோருக்கும் போன் பிடித்திருக்கிறது என்று பொருள் இல்லை. அச்சிடக் காசு வேண்டும், கடைக்குப் போக நேரம் வேண்டும். போன் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பிடித்திருப்பது வேறு, பலன் தருவது வேறு. 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை, 1.7 லட்சம் பேரின் முடிவுகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள் காகிதத்தில் படித்தவர்களுக்குப் புரிதல் சற்றுக் கூடுதல் என்று கண்டார்கள். 'சற்று' என்பதைக் கவனியுங்கள். அந்த வித்தியாசமும் தகவல் நிறைந்த பாட நூல்களில்தான் தெரிந்தது, நேர நெருக்கடியில் படிக்கும்போது கூடுதலாகத் தெரிந்தது. கதை படிப்பதில் வித்தியாசம் இல்லை. ஆகவே பஸ்ஸில் போனில் நாவல் படிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. நிலவருவாய் முறைகளைப் போனில் படிப்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி "படிக்கும்போது எல்லாம் புரிகிறது" என்பது. 2011இல் வெளியான ஒரு சோதனையில் சிலரைத் திரையிலும் சிலரைக் காகிதத்திலும் படிக்க வைத்தார்கள். மேலே சொன்ன பொதுப்போக்குக்கு மாறாக, இந்தச் சோதனையில் நேரத்தை ஆய்வாளர்களே வரையறுத்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். 'உங்களுக்குப் போதும் என்று தோன்றும்வரை படியுங்கள்' என்றபோது திரைக்காரர்கள் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். 'எவ்வளவு மதிப்பெண் வரும்' என்று அவர்கள் கணித்ததைவிட வந்தது குறைவு. உங்களுக்கு நடப்பது இதுவேதான் என்று நினைக்கிறேன். திரை உங்கள் மூளையைக் கெடுக்கவில்லை. 'தெரிந்துவிட்டது' என்ற உணர்வைச் சீக்கிரம் கொடுத்துவிடுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு அலகிலிருந்து எட்டுப் பக்கம் போனில் படியுங்கள். மூடிவைத்துவிட்டு, பத்துக் குறிப்பில் எத்தனை நினைவிருக்கும் என்று ஒரு எண்ணை எழுதுங்கள். பிறகு குறிப்புகளைப் பார்க்காமல் எழுதிச் சரிபாருங்கள். மறுநாள் வேறு எட்டுப் பக்கத்தைக் காகிதத்தில் இதேபோல் செய்யுங்கள். இரண்டு நாளிலும் கணிப்புக்கும் விடைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். உங்கள் தலைக்கு எது ஒத்துவருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

போன் என்ன செய்கிறது

ஏ4 காகிதத்தின் அகலம் 21 செ.மீ. ஆறரை அங்குலப் போனை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் சுமார் 7 செ.மீ. பக்கம் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. 12 புள்ளி அளவில் தட்டச்சு செய்த எழுத்து 4 புள்ளியாகத் தெரிகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வரும் தாளின் எழுத்தைவிடச் சிறியது. எனவே விரலால் பெரிதாக்குகிறீர்கள். வரியின் வலது பாதி திரைக்கு வெளியே போகிறது. இழுத்துப் படித்துவிட்டு இடப்பக்கம் திரும்பும்போது அடுத்த வரி எது என்று தேடுகிறீர்கள். வரிக்கு வரி இந்த வேலை. வாதத்தைத் தொடர வேண்டிய கவனம் வரியைத் தேடுவதில் செலவாகிறது. போதாக்குறைக்கு, பக்கங்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் 'அது இடப்பக்கம், கீழே, அட்டவணைக்கு மேலே இருந்தது' என்ற இட நினைவும் உருவாவதில்லை.

போனைத் தவிர்க்க முடியாத நேரத்தில் மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். போனைக் கிடையாகத் திருப்பினால் அகலம் சுமார் 15 செ.மீ. ஆகும், 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளியாகத் தெரியும், வரி முழுதாக அடங்கும். தொடர்ந்து ஓடும் காட்சியை மாற்றிப் பக்கம் பக்கமாகத் திரும்பும்படி வையுங்கள். கோப்பை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு ஃப்ளைட் மோடில் போட்டுப் படியுங்கள். வகுப்புக் குழுவில் விழும் காலை வணக்கங்களுக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

எந்தப் பக்கங்களை அச்சிடுவது

2,000 பக்கத்தையும் அச்சிட வேண்டாம். செலவுக்காக மட்டும் சொல்லவில்லை. ஐந்து வாரத்தில் அத்தனையையும் யாரும் ஊன்றிப் படிக்கப் போவதில்லை. கடைசி ஐந்து பருவங்களின் வினாத்தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்தின் ஐந்து அலகுகளையும் எழுதி, ஒவ்வொரு கேள்வியும் எந்த அலகிலிருந்து வந்தது என்று கோடு போடுங்கள். பிறகு பிடிஎஃப்களைப் போனிலேயே மேலோட்டமாகப் புரட்டி, அலகுக்குச் சுமார் 14 பக்கம் தேர்ந்தெடுங்கள். புரட்டித் தேடுவதற்குத் திரை நல்ல கருவி, அந்த வேலையை அதற்குக் கொடுங்கள். 25 அலகுக்கு 350 பக்கம். நீங்கள் எழுதியிருக்கும் விலையில், முன்னும் பின்னும் சேர்த்து ஒரு தாள் 1.50 ரூபாய் என்றால், 175 தாளுக்கு 262.50 ரூபாய். ஐந்து ஸ்பைரல் பைண்டிங், ஒன்று 40 ரூபாய் வீதம் 200 ரூபாய். மொத்தம் 462.50. உங்கள் மாதப் பணத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஒரு பக்கத்தில் இரண்டு பக்கத்தை அடக்கினால் பாதி மிச்சம் என்று தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மூலத்தைப் பொறுத்தது அது. டெமி அளவுப் புத்தகத்தின் ஸ்கேன் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். புத்தகப் பக்கத்தின் அகலமே சுமார் 14 செ.மீ.தான், கிடையான ஏ4இல் இரண்டு பக்கம் கிட்டத்தட்ட அசல் அளவிலேயே உட்காரும். ஆசிரியர் ஏ4இல் தட்டச்சு செய்த குறிப்பு என்றால் வேண்டாம். 71 சதவீதமாகச் சுருங்கி, 10 புள்ளி எழுத்து 7 புள்ளியாகிவிடும். தமிழில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் கண் தடுமாறும் அளவு அது. இரண்டு பக்கம் அடக்கும்போது கடைக்காரரிடம் 'ஷார்ட் எட்ஜில் திருப்புங்கள்' என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். முதலில் ஒரே ஒரு தாள் எடுத்துப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள்.

சில கோப்புகள் கரும்பலகையையோ நோட்டையோ போனில் படம் பிடித்தவையாக இருக்கும். அப்படியே அச்சிட்டால் நிழல் முழுவதும் சாம்பல் நிறப் பட்டையாக விழும், எழுத்து மங்கும். ஸ்கேனர் செயலியில் போட்டுக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்குக் கோப்பு அனுப்பினால் உங்கள் எண் அங்கே தங்கிவிடும். மின்னஞ்சலிலோ பென்டிரைவிலோ கொடுப்பது நல்லது. வேலை முடிந்ததும் கடைக் கணினியிலிருந்து கோப்பை அழிக்கச் சொல்லுங்கள்.

இனி ஒரு எச்சரிக்கை. காகிதத்தில் இருப்பதாலேயே பாடம் தலைக்குள் போய்விடாது. படிக்கும் உத்திகளை ஒப்பிட்டு 2013இல் வெளியான விரிவான மதிப்பாய்வு ஒன்றில், வண்ணப் பேனாவால் கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் உள்ளவை என்ற வரிசையில்தான் வந்தன. தன்னைத்தானே கேள்வி கேட்டு விடை சொல்லிப் பார்ப்பதும், இடைவெளி விட்டுத் திரும்பிப் படிப்பதும் மேலே வந்தன. எனவே ஸ்பைரல் புத்தகத்தில் மஞ்சள் பூசுவதோடு நிறுத்தாதீர்கள். ஆறேழு பக்கம் படித்ததும் மூடிவைத்து, வெற்றுத் தாளில் ஐந்து குறிப்பு எழுதுங்கள். திறந்து சரிபாருங்கள், விட்டதைச் சிவப்பில் சேருங்கள். மறுநாள் புதிய பாடத்தைத் தொடங்குமுன் பழைய ஐந்து குறிப்பைப் பார்க்காமல் எழுதுங்கள். தேர்வு மூன்று மணி நேரம் கையால் எழுதுவது. கைக்கும் பழக்கம் வேண்டும். வாரம் ஐந்து நாள், நாளுக்கு 17 அல்லது 18 பக்கம் என்றால் நான்கு வாரத்தில் 350 பக்கமும் ஒரு சுற்று முடியும். சனி, ஞாயிறு பழைய வினாத்தாளுக்கு. ஐந்தாவது வாரம் முழுவதும் சிவப்பு மையில் எழுதியவற்றுக்கு.

தமிழ் பிடிஎஃப்பில் தேடினால் ஏன் கிடைப்பதில்லை

'சோழர்' என்று தேடினால் 'இல்லை' என்று வருகிறது, கண்ணெதிரே பக்கத்தில் சோழர் இருக்கிறார் என்று குறைப்பட்டிருந்தீர்கள். இரண்டு காரணம் இருக்கலாம். பக்கத்தில் ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சொல் தேர்வாகவில்லை என்றால் அது வெறும் படம். தேர்வாகிறது, ஆனால் நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குழம்பி வருகிறது என்றால், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. இரண்டுக்கும் ஒரே வழி உண்டு. அந்தப் பக்கங்களைப் படமாகவோ, 2 எம்பிக்குள் அடங்கும் சிறு பிடிஎஃப்பாகவோ கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும். அடிக்குறிப்புகளும் ஆண்டுகளும் தவறாக வரலாம். 1792 என்பது 1798 ஆகிவிட்டால் வரலாறு மாணவிக்கு அது சின்னப் பிழை இல்லை. தேடுவதற்கு இதைப் பயன்படுத்துங்கள். மேற்கோளுக்கு மூலப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ஜெராக்ஸும் சட்டமும்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52, சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின்போது நகலெடுப்பதையும் அதே பிரிவு அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை, பாடப் பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து விற்றதற்காக மூன்று பெரிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் பாடத்துக்குத் தேவையான அளவு பகுதிகளை இப்படித் தொகுக்கலாம் என்றது. முழுப் புத்தகத்தையே நகலெடுக்கலாமா என்பதை விசாரித்து முடிவு செய்ய வேண்டிய கேள்வியாக விட்டது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. அந்தக் கேள்வி விடையில்லாமலேயே நின்றுவிட்டது.

ஆகவே அத்தியாயங்களை நகலெடுப்பதில் உங்களுக்குப் பயம் வேண்டாம். 640 பக்கத்தை அட்டை முதல் அட்டை வரை எடுத்ததை 'நியாயமான அளவு' என்று வாதாடுவது கடினம், குறிப்பாக அந்தப் புத்தகம் கடையில் கிடைக்கும்போது. அதற்காகப் போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும் என்று தூக்கம் கெட வேண்டியதில்லை. எடுத்ததை விற்காதீர்கள், பிறருக்கு நகல் போட்டுக் கொடுக்காதீர்கள். கடைக்காரரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. தெரிந்தே உரிமை மீறினால் பிரிவு 63இன்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யும் இடத்தில்தான் இது முதலில் பாயும். 'டெலிகிராமில் இலவசமாகக் கிடைக்கிறதே' என்று கேட்டிருக்கிறீர்கள். இலவசமாகக் கிடைப்பதும் உரிமையோடு கிடைப்பதும் ஒன்றல்ல. அங்கிருந்து எடுத்து வகுப்புக் குழுவில் பகிர்ந்தால், சொந்த உபயோகம் என்ற பாதுகாப்பு போய்விடும்.

உரிமைச் சிக்கலே இல்லாத நூல்களும் நிறைய உண்டு. ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு கடந்தவை, தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவை. வரலாறு படிக்கும் உங்களுக்கு மயிலை சீனி. வேங்கடசாமியின் நூல்கள் நாட்டுடைமையானவை என்பது பயன்படும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். மற்றவற்றுக்கு எழும்பூர் கன்னிமாரா இருக்கிறது. 1896இல் திறந்த நூலகம். நாட்டில் வெளியாகும் நூல்களின் படி சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. உங்கள் வீட்டிலிருந்து கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைவிடப் பக்கம். ஸ்பைரலை எடுத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்து படிக்க மட்டும் என்றால், அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிப்பவர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

கல்லூரியிடம் என்ன கேட்கலாம்

அச்சிட்ட குறிப்பு தந்தே ஆக வேண்டும் என்று கல்லூரியைக் கட்டாயப்படுத்த உங்களுக்குச் சட்ட உரிமை இல்லை. பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு ஏற்ற வடிவில் பாடம் கிடைக்க 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே துணை நிற்கிறது. உரிமை இல்லாவிட்டாலும் கோரிக்கை வைக்கலாம். பேராசிரியரிடம் 'காகிதமா டிஜிட்டலா' என்று வாதிடாதீர்கள், அது முடியாத வாதம். நான்கைந்து பேர் கையெழுத்திட்டுத் துறைத் தலைவருக்கு ஒரு பக்க மனு கொடுங்கள். கோப்புகளைப் புகைப்படமாக அல்லாமல் யூனிகோடு எழுத்தில் தர வேண்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு அச்சுப்படி துறை நூலகத்தில் இருக்க வேண்டும், எந்தப் பக்கங்கள் கட்டாயம், எவை கூடுதல் வாசிப்பு என்று குறிக்க வேண்டும். மூன்றாவதுதான் உங்களுக்கு அதிகம் உதவும். அதற்குக் கல்லூரிக்கு ஒரு பைசா செலவில்லை.

நூலகரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: புத்தக வங்கி இருக்கிறதா, கல்லூரிகளுக்கு மின்னூல்களும் மின்னிதழ்களும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் நம் கல்லூரி உறுப்பினரா. உறுப்பினர் என்றால் உங்கள் பெயரில் பயனர் கணக்கு கேட்டு வாங்கலாம். ஆய்விதழ்களைப் படிக்க 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசு நிர்வகிக்கும் நிறுவனங்களுக்கானது. அதைப் பயன்படுத்தும் பல்கலைக்கழகத்தில் தோழிகள் இருந்தால் ஆய்வுக் கட்டுரைகளை அங்கே போய்ப் பார்க்க முடியுமா என்று விசாரியுங்கள்.

கண்ணும் அப்பாவும்

நீல ஒளிக் கண்ணாடிக்குப் பணம் போட வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் அவை கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, மின்விசிறிக் காற்றும் சேர்ந்து கண் உலர்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 விநாடி பாருங்கள். தலைவலியும் இருக்கிறது என்று எழுதியிருப்பதால் பார்வைக் குறைபாடு உள்ளதா என்று ஒருமுறை பரிசோதிப்பது அவசியம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள்.

அப்பா சொல்வதில் கோபப்படாதீர்கள். போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் படிக்கிறாரா, ரீல்ஸ் பார்க்கிறாரா என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. மேசையில் ஸ்பைரலும் எழுதிய தாள்களும் இருந்தால் பாதிப் பேச்சு தானாக அடங்கும்.

டேப்லெட்

18,000 ரூபாயைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முன்னும் பின்னும் அச்சிட்டால் பக்கத்துக்கு 75 பைசா. இந்தப் பருவத்தையும் சேர்த்து உங்களுக்கு மீதமிருப்பது மூன்று பருவம். பருவத்துக்கு 2,000 பக்கத்தையும் ஒன்று விடாமல் அச்சிட்டாலும் 4,500 ரூபாய்தான். படிப்பதற்காக மட்டும் என்றால் டேப்லெட் கட்டுப்படியாகாது. 'வட்டியில்லாத் தவணை' என்பதிலும் செயலாக்கக் கட்டணமும் வட்டித் தொகைமேல் ஜிஎஸ்டியும் சேரும், ரசீதைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும், போட்டித் தேர்வு வகுப்புகளை இணையத்தில் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போதும் டேப்லெட்டுக்கு முன் பழைய மடிக்கணினியை யோசியுங்கள், தட்டச்சுக்கு அதுதான் வசதி. டேப்லெட்தான் என்று முடிவானால் 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 8 அங்குலத்தில் ஏ4 பக்கம் அரைகுறையாகத்தான் தெரியும். 6 அங்குல மின்னூல் வாசிப்பானையும் வாங்கிவிடாதீர்கள். கண்ணுக்கு இதமானது, நாவலுக்கு நல்லது. ஆனால் பிடிஎஃப்பில் எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரியை மடக்குவது பெரும்பாலும் சரியாக வராது, போனில் பட்ட அதே பாடு அதிலும் படுவீர்கள். எதுவானாலும் தேர்வு முடிந்த பிறகு வாங்கச் சொல்லுங்கள். புதுக் கருவி வந்த முதல் மாதத்தில் யாரும் பாடம் படிப்பதில்லை.